கணேசபாண்டியன் துடைக்காத பொட்டு

கணேசபாண்டியனுக்கு மெதுவாகப் பேச வராது. தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் அவர் கடையைத் தேடிப் போகிறவர்கள் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. அங்கே நிற்கும் ஏதாவது ஒரு பஸ்ஸுக்கு அடியிலிருந்து, "சல் பேட்டா, பாஹர் ஆ ஜா, நாட்டக் மத் கர்" என்று ஒரு குரல் அதட்டிக்கொண்டிருக்கும். யாரோ உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், நாடகம் போடாமல் வெளியே வரச் சொல்லிக் கத்துகிறார் என்று நினைத்து முதல் தடவை நான் பதறிப்போனேன். அவர் அதட்டியது ஒரு வயரை.

வயர்களோடு இந்தி, மனிதர்களோடு தமிழ் என்று அவர் பிரித்து வைத்திருக்கிறார். ஏன் அப்படி என்று ஒரு நாள் கேட்டேன்.

"தமிழ்ல வஞ்சா மனசுல நின்னுரும்லா சார். வயரு பாவம்" என்றார்.

ஐம்பதைத் தாண்டிய மனுஷர். மற்றவர்கள் காதில் பென்சில் செருகுவதுபோல இவர் டெஸ்டரைச் செருகியிருப்பார். செய்கிற வேலை வண்டி வயரிங். ஸ்கூல் பஸ், டூரிஸ்ட் பஸ், ஆம்புலன்ஸ், ஷூட்டிங்குக்குப் போகும் வேனிட்டி வேன், கணபதியைக் கடலில் கரைக்கக் கொண்டுபோகும் விசர்ஜன லாரி என்று பேட்டரியில் ஓடும் எதைக் கொண்டுபோனாலும் பார்ப்பார். வீட்டு லைட், ஃபேன் என்றால் கையை விரித்துவிடுவார். "செவுத்துல இருந்து வார கரண்டு நமக்கு ஆகாது. அது ஆளப் பாக்காம அடிக்கும். பன்னெண்டு வோல்ட்டு நம்ம புள்ள மாதிரி, சொன்னாக் கேக்கும்" என்பார். பம்பாயில் ஓடுகிற பாதி பஸ் தன் கையால்தான் கண் விழித்தது என்று சொல்லிக்கொள்வார். பாதி என்பதை நான் நம்பவில்லை. ஆனால் அவரிடம் வந்த வண்டி வேறு கடைக்குப் போய் நான் பார்த்ததில்லை.

எந்த வண்டி எந்த நோயோடு வந்தாலும் அவர் முதலில் கேட்பது, "எர்த்தப் பாத்தாச்சா?" என்றுதான். பேட்டரியிலிருந்து பிளஸ் வயரில் கிளம்பும் கரண்ட் விளக்கையோ ஃபேனையோ ஓட்டிவிட்டு, வண்டியின் இரும்பு உடம்பு வழியாக பேட்டரிக்கே திரும்பி வந்து சேர வேண்டும். அப்படித் திரும்புகிற இடத்தில் வயரையும் வண்டி உடம்பையும் சேர்த்து ஒரு போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். அதுதான் எர்த்து. "போறதுக்கு வழி எல்லாவனும் போட்டுருதான். திரும்பி வாரதுக்கு ஒழுங்கா வழி வேணும்லா?" என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பார். நானே பல தடவை கேட்டாகிவிட்டது.

கடைக்கு மேலே, இரும்பு ஏணி ஏறிப்போனால் ஒரு அறை. அதில் உட்கார்ந்து அவர் மனைவி பேராச்சி வயர் கட்டுவாள். எந்த வயர் எங்கே போகிறது என்று கலர் நூலால் அடையாளம் கட்டி, அளந்து வெட்டி, டேப் சுற்றிக் கீழே இறக்குவாள். அவள் கட்டிய கட்டைப் பிரித்துப் பார்த்தால் சடை பின்னியதுபோல இருக்கும். புருஷன் நாள் முழுக்கப் பேசுவதற்கெல்லாம் சேர்த்து அவள் ஒரு வார்த்தை சொல்வாள், அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆயுத பூஜைக்கும், வேலை முடிந்து வண்டி கிளம்பும்போதும் அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் ஸ்டீயரிங், மீட்டர், டயர் என்று கண்ணில் படுகிற இடத்தில் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். பேராச்சி அதைத் தொடவே மாட்டாள். சீட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றி, ஃபியூஸ் பெட்டி, பேட்டரிப் பட்டை, தரைத் தகடு என்று யாரும் எட்டிப் பார்க்காத இடங்களில் தேடித் தேடி வைப்பாள். "தெரியுத எடத்துல எல்லாரும் வப்பாவ. ஒழைக்கது உள்ள இருக்கதுதான?" என்பாள். அவள் பொட்டு வைத்த வண்டி நடு வழியில் நிற்காது என்று கோவண்டி, மான்குர்த் டிரைவர்கள் வரைக்கும் பேச்சு. அந்தப் பேச்சைப் பரப்பியவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அவர் குரல் அவ்வளவு தூரம் கேட்கும்.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் பெயர் ஜகந்நாதன். ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில் உட்கார்ந்தே வயசாகி, ஓய்வு பெற்று மாட்டுங்காவில் இருக்கிறேன். என் மனைவி விஜயலக்ஷ்மி கணக்கு டீச்சராக இருந்தவள். அவளுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி. அதற்காக டாக்டர் ஒரு மெஷின் கொடுத்திருக்கிறார். தலைமாட்டில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு நீளக் குழாய், குழாயின் முனையில் மூக்கை மூடும் மாஸ்க். பெட்டி மெதுவாகக் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அவள் சுகமாகத் தூங்குவாள். தும்பிக்கை மாதிரி தொங்குவதால் அதற்குப் பிள்ளையார் என்று பெயர் வைத்திருக்கிறாள். "நீங்க லைட்ட அணைங்கோ, நான் பிள்ளையாரப் போட்டுண்டு வரேன்" என்பாள்.

பிள்ளையாருக்குக் கரண்ட் வேண்டும். அது நின்றால் மாஸ்க்குக்குள் காற்று நின்று, திணறிக்கொண்டு எழுந்து உட்காருவாள். நாசிக்கில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் லாட்ஜில் கரண்ட் போய், அவள் விடிகிற வரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்தே இருந்தாள். அதற்குப் பிறகு எங்கே கூப்பிட்டாலும், "நம்ம மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள்ல இல்லாதது அங்க என்ன இருக்கு?" என்று சிரித்துவிடுவாள். முன்பெல்லாம் சனிக்கிழமை வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவள் அவள். நான்தான் சோம்பேறி. இப்போது பெண் கூப்பிட்டாலும் போவதில்லை, தம்பி கூப்பிட்டாலும் போவதில்லை. வருஷக் கணக்காக ஒரு ராத்திரிகூட அவள் வெளியில் தங்கவில்லை.

ஆனால் ஃபோனில் அவள் பார்ப்பதெல்லாம் கொங்கணக் கடற்கரை வீடியோ. ஒரு நாள் காப்பி குடிக்கும்போது சாதாரணமாகச் சொன்னாள், "கடல் சத்தத்தக் கேட்டுண்டே ஒரே ஒரு ராத்திரி தூங்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்." சொல்லிவிட்டுக் காய் நறுக்கப் போய்விட்டாள். எனக்குத்தான் காப்பி இறங்கவில்லை.

அதனால்தான் அந்தப் பழைய ஸ்டாஃப் வேனை வாங்கினேன். மான்குர்தில் ஒரு ஷெட்டில் கொடுத்து, சீட்டையெல்லாம் எடுத்துவிட்டு, ஒரு கட்டில், சின்ன அடுப்பு மேடை, தண்ணீருக்கு ஒரு பம்ப், தயிருக்கு ஒரு குட்டி ஃப்ரிட்ஜ், கூரையில் ஒரு ஃபேன் என்று கேரவனாக்கினோம். எங்கள் கட்டிட செக்ரட்டரி அதை "ஜகந்நாதனின் கல்யாண மண்டபம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும். வயரிங் முழுக்க கணேசபாண்டியன். இன்ஜின் பேட்டரியில் கை வைக்காமல், வீட்டுச் சாமான்களுக்கென்று தனியாக ஒரு பெரிய பேட்டரி வைத்து, பிள்ளையாரும் அதிலேயே ஓடுகிறாற்போலச் செய்து கொடுத்தார். ஆயுத பூஜையன்றுதான் வண்டியை டெலிவரி எடுத்தோம். பேராச்சி உள்ளே ஏறிப்போய் எங்கெங்கேயோ பொட்டு வைத்துவிட்டு இறங்கினாள்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பகலில் விஜயலக்ஷ்மி கட்டிட வாசலிலேயே வண்டிக்குள் படுத்துப் பார்த்தாள். பிள்ளையார் ஓடினார். மார்கழிக் குளிரில் தைரியமாகக் கிளம்பிக் கர்ஜத் பக்கம் ஒரு மாந்தோப்பில் தங்கினோம். ஃப்ரிட்ஜ் உறும ஆரம்பித்ததும் விளக்கு மங்கியது, பிள்ளையார் நின்றுபோனார். அவள் திணறி எழுந்தாள். ஃப்ரிட்ஜை அணைத்தேன். ஃபேனைப் போட்டால் மறுபடியும் அதே கதை. பிறகு அவள் படுக்கவே இல்லை.

திரும்பி வரும் வழியில் பன்வெலில் டீ குடிக்க நிறுத்தினபோது, கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"ஒரே ஒரு தடவை ரிப்பேர் பண்ணிப் பாருங்கோ. அப்பவும் நின்னுடுத்துன்னா வண்டிய வித்துடுங்கோ. எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. ஆனா, மறுபடி மறுபடி ஆசப்பட்டுண்டு பயப்பட என்னால முடியாது."

அவள் சொன்னால் சொன்னதுதான். கணக்கு டீச்சர்.

கணேசபாண்டியன் ஒரு தடவை வீட்டுக்கே வந்து பார்த்தார். மீட்டரை வைத்து, "பேட்டரி நல்லாருக்கு, எர்த்து சுத்தம்" என்று சொல்லி ஃபியூஸை மாற்றிவிட்டுப் போனார். மறு நாளே விளக்கு மங்கியது. நான் ஃபோனில் கொஞ்சம் காரமாகவே பேசிவிட்டேன். "வண்டியக் கொண்டாங்க சார், அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. சீக்காளி இல்லாம வைத்தியம் எப்படிப் பாக்க?" என்றார்.

ஃபியூஸ் மாற்றியதெல்லாம் ரிப்பேர் கணக்கில் வராது என்று வாதாடி விஜயலக்ஷ்மியைச் சம்மதிக்க வைத்தேன். அப்படித்தான் ஒரு மத்தியானம், தொண்ணூறு அடி ரோட்டில், அவர் கடை வாசலில் நிறுத்திய வேனுக்குள் என் மனைவி தலையணை, போர்வை, பிள்ளையார் சகிதம் ஏறிப் படுத்தாள். எதிரே ஜெயினுலாப்தீன் பாயின் பை தைக்கும் பட்டறையில் தையல் மெஷின்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. நான் அடுப்பு மேடை ஓரமாக உட்கார்ந்தேன். கணேசபாண்டியன் முதலில் பேட்டரியைப் பழித்தார்.

"சவம், இவனுக்கு வயசாயிட்டு. வேற போட்டுப் பாக்கேன்."

வேறு பேட்டரியைத் தூக்கி வைத்தார். ஃப்ரிட்ஜ் உறுமியது, விளக்கு மங்கியது, பிள்ளையார் ஒரு பெருமூச்சு விட்டு நின்றார். அடுத்தது மெஷினின் வயரைப் பழித்தார். பிறகு ஃப்ரிட்ஜ் செய்தவனைப் பழித்தார். பிறகு கர்ஜத் ரோட்டைக்கூடப் பழித்தார். என் மனைவி மாஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள்.

"பாண்டியன், எல்லாரையும் ஒரே நேரத்துல சந்தேகப்பட்டா எப்படி? ஒருத்தர ஒருத்தரா நீக்குங்கோ."

"அம்மா சொல்லுதது சரிதான்" என்று உட்கார்ந்தார். மீட்டரை மூலையில் வைத்துவிட்டு, டப்பாவிலிருந்து தன் பழைய டெஸ்ட் பல்பை எடுத்தார். பஸ்ஸின் பிரேக் லைட் பல்பில் இரண்டு வயர் கட்டியது. "மீட்டரு வாயால சொல்லும். இவன் செஞ்சு காட்டுவான்" என்றார். வெறுமே வோல்ட்டை அளந்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும், சுமை தூக்கச் சொன்னால்தான் யார் கால் மடங்குகிறது என்று தெரியும் என்பது அவர் விளக்கம்.

அதன் பிறகு அவர் பார்த்த வேலை பார்க்க அழகாக இருந்தது. பல்பை மெஷினின் வயரோடு சேர்த்துக் கட்டி, அதன் பிளஸ், மைனஸ் இரண்டு வயரையும் வண்டியின் வழியாக விடாமல் நேராக பேட்டரி தலையிலேயே மாட்டினார். ஃப்ரிட்ஜ் உறுமியது. பிள்ளையார் நிற்கவில்லை. ஆக, பேட்டரியும் மெஷினும் குற்றவாளிகள் அல்ல. பிளஸ் வயரை மட்டும் வண்டியின் ஃபியூஸ் பெட்டிக்கு மாற்றினார். அப்போதும் நிற்கவில்லை. கடைசியாக மைனஸ் வயரை வண்டி உடம்பு வழியாகத் திரும்பும்படி மாற்றினார். ஃப்ரிட்ஜ் கிளம்பின மாத்திரத்தில் மெஷின் நின்றது. பிரேக் பல்பு மூன்று நாள் பட்டினி கிடந்ததுபோலச் சிவந்து மங்கியது.

எனக்கே புரிந்துவிட்டது. "எர்த்து" என்றேன்.

"இருக்காது சார். அது நான் போட்டது."

"நீங்கதானே எர்த்தப் பாத்தாச்சா, எர்த்தப் பாத்தாச்சான்னு ஊருக்கெல்லாம் சொல்வேள்?"

அவர் கட்டிலுக்கடியில் இருந்த பலகையைத் தூக்கினார். வண்டியின் மைனஸ் வயர்கள் எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு போல்ட்டில் வந்து முடிகிற இடம் அது. அதைப் பார்த்தார். சட்டென்று பலகையை மூடிவிட்டார்.

"டீ சாப்பிடுவமா சார்?"

கணேசபாண்டியன் வேலை நடுவில் டீ குடிக்கிறவர் இல்லை. அதைவிட, அந்தக் கேள்வியை அவர் மெதுவாகக் கேட்டார். ஏதோ பெரிய கோளாறு, வண்டி தேறாது, சொல்ல மனசில்லாமல் மழுப்புகிறார் என்று நினைத்துவிட்டேன். விஜயலக்ஷ்மி படுத்தபடியே என்னைப் பார்த்தாள். வித்துடலாம் என்கிற பார்வை. அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

டீக்கடையில் நின்று அவரைப் பிடித்துக்கொண்டேன். "என்ன ஆச்சு, ஒளிக்காம சொல்லுங்கோ."

"ஒண்ணும் இல்ல சார், சரியாயிரும். வேற எடத்துல புதுசா ஒரு எர்த்து இழுத்துட்டா முடிஞ்சுது."

"பழசுக்கு என்ன?"

டீயை இரண்டு தடவை ஊதினார். சூடு குறைந்திருந்தும் ஊதினார்.

"அதுல இவ சந்தனம் இருக்கு சார்."

விஷயம் இதுதான். டெலிவரி அன்றைக்கு அவசரம். பேராச்சி பூஜைத் தட்டோடு உள்ளே ஏறியபோது அந்த எர்த்துத் தகடு வெறும் தகடாகக் கிடந்தது. வழக்கப்படி யாரும் பார்க்காத இடம் என்று அதன் நடுவில் தாராளமாகச் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமமும் வைத்துவிட்டாள். போல்ட்டைக் கடைசியாக முடுக்க வந்த கணேசபாண்டியன் அதைப் பார்த்தார். பார்த்தும் துடைக்கவில்லை. சந்தனத்தின் மேலேயே வயர் வளையத்தை வைத்து முடுக்கிவிட்டார். ஈரமாக இருந்தவரைக்கும் எப்படியோ ஓடியிருக்கிறது. காயக் காய, சந்தனமும் துருவும் சேர்ந்து வயருக்கும் வண்டிக்கும் நடுவில் ஓடு மாதிரி உட்கார்ந்துகொண்டது. போன தடவை எர்த்து சுத்தம் என்று சொன்னாரே, அப்போதும் வயர் வளையத்தை மட்டும்தான் தொட்டு அளந்திருக்கிறார். தகட்டைத் தொட வேண்டுமென்றால் பொட்டைச் சுரண்ட வேண்டும். சுரண்ட மனசு வரவில்லை.

"ஏன்யா?" என்றேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க ஆத்துக்காரி மூச்சு முட்டிண்டு எழுந்து உக்காந்தா. உங்களுக்கு ஒரு பொட்டு பெரிசாப் போச்சா?"

"தப்புதான் சார். வையுங்க, வாங்கிக்கிடுதேன்" என்றார். பிறகு, தொண்ணூறு அடி ரோட்டின் இரைச்சலில் நான் குனிந்து கேட்க வேண்டிய அளவுக்குக் குரலை இறக்கிக்கொண்டு, "அவகிட்ட மட்டும் சொல்லிராதீய. அவ வச்ச பொட்டால அம்மாவுக்கு மூச்சு நின்னுதுன்னு தெரிஞ்சா, இனி எந்த வண்டிக்கும் வைக்க மாட்டா. அவளுக்கு இருக்கது அந்த ஒரு சந்தோசம் சார்" என்றார்.

என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். அவ்வளவு யோசிக்க ஒன்றும் இல்லை. ஒரு வார்த்தை காப்பியோடு சொன்னதற்காக ஒரு வேனையே வாங்கியவன் நான்.

திரும்பி வந்தோம். அவர் புது வயரை இழுத்து வண்டியின் இன்னொரு இரும்பில் துளை போட இடம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஏணியில் சத்தம். பேராச்சி தட்டில் மூடி வைத்த கேசரியோடு இறங்கி வந்து வேனுக்குள் ஏறினாள். "அம்மா, வெறும் வயித்துல படுத்துக் கெடக்கீயளே" என்று தட்டை நீட்டியவள், புருஷன் கையிலிருந்த வயரைப் பார்த்தாள்.

"இது என்னத்துக்கு? எர்த்துக்குத்தான் நான் வயரு கட்டிக் குடுத்தேனே?"

"அது... ரெண்டாவதா ஒண்ணு. பலத்துக்கு."

"எந்த வண்டிக்கு நீங்க பலத்துக்கு ரெண்டாவது போட்டீய?"

அவர் வயரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். பேராச்சி தட்டை என் மடியில் வைத்துவிட்டுக் குனிந்து பலகையைத் தூக்கினாள். போல்ட்டைப் பார்த்தாள். ஓரத்தில் சாந்து பூசியதுபோல வெடித்திருந்த சந்தனத்தை நகத்தால் தட்டிப் பார்த்தாள். வயர் கட்டியே பழகிய கை அது, அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இதுனாலதான் அம்மாவுக்கு மிஷின் நின்னுதா?"

என் மனைவி எழுந்து உட்கார்ந்து, "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, நீ வந்து உக்காரு" என்றாள். பேராச்சி உட்காரவில்லை. அவள் முகம் கறுத்துவிட்டது. புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நான் வைக்கும்போது வெறும் தகடுதான கெடந்துது? அங்கன போல்ட்டு வரும்னு எனக்கு என்ன தெரியும்? ஒங்களுக்குத் தெரியும்லா? தொடச்சிட்டு முடுக்க வேண்டியதுதான?"

"ஏட்டி, நீ வச்சத நான் எப்படித் தொடைப்பேன்?"

கத்தித்தான் சொன்னார். அவருக்கு வேறு மாதிரி சொல்ல வராது. எதிர்ப் பட்டறையில் ஒன்றிரண்டு மெஷின்கள் நின்று, தலைகள் எட்டிப் பார்த்தன. பேராச்சி கோபமாகத்தான் வைய ஆரம்பித்தாள், ஆனால் பாதியிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கண்ணும் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "அந்த ஸ்பானர எடுங்க" என்றாள்.

அவளே போல்ட்டைக் கழற்றினாள். காய்ந்த சந்தனத்தைச் சுரண்டி ஒரு காகிதத்தில் எடுத்து மடித்து வைத்தாள், எங்கேயாவது செடியில் போடலாம் என்று. எமெரித் தாளை வாங்கித் தகட்டைத் தேய்த்தாள். துரு போய், இரும்பு புது ரூபாய் மாதிரி பளபளத்தது. வயர் வளையத்தையும் தேய்த்தாள். கணேசபாண்டியன் முடுக்கினார், துரு பிடிக்காமல் இருக்க மேலே கிரீஸ் தடவினார். பிறகு சந்தேகத்துக்கு இடமில்லாமல், மீட்டரின் ஒரு முனையை வயரிலும் மறு முனையைத் தகட்டிலும் வைத்து அளந்து என்னிடமே காட்டினார். ஃப்ரிட்ஜ், ஃபேன், விளக்கு எல்லாம் ஓடும்போதும் மீட்டர் கிட்டத்தட்டப் பூஜ்யத்திலேயே நின்றது. அதாவது திரும்பி வருகிற வழியில் கரண்ட் எங்கேயும் இடறவில்லை.

"அம்மா, படுங்க" என்றார்.

விஜயலக்ஷ்மி படுத்தாள். மாஸ்க்கை மாட்டுவதற்கு முன்னால் என்னைப் பார்த்து, "இதுதான் கடைசி, ஞாபகம் இருக்கட்டும்" என்றாள். குரல் விளையாட்டாக இருந்தது, போர்வையைப் பிடித்திருந்த விரல்கள் விளையாட்டாக இல்லை. பிள்ளையார் காற்றைத் தள்ள ஆரம்பித்தார். நாங்கள் மூன்று பேரும் ஃப்ரிட்ஜையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஃப்ரிட்ஜ் உறுமியது. விளக்கு அசையவில்லை. பிள்ளையார் நிற்கவில்லை. ஃபேனைப் போட்டார். நிற்கவில்லை. தண்ணீர் பம்பையும் ஓடவிட்டார். எல்லாம் ஒரே நேரத்தில் இரைந்துகொண்டிருக்க, அந்த மெஷின் பாட்டுக்கு மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நான் கும்பிடாத சாமி இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், என் மனைவியின் விரல்கள் போர்வையை விட்டுவிட்டிருந்தன. கை சரிந்து கட்டிலோரம் தொங்கியது. பரீட்சைக்காகப் படுத்தவள் நிஜமாகவே தூங்கிப்போயிருந்தாள்.

எத்தனையோ வருஷம் கழித்து, வீட்டுக் கட்டிலைத் தவிர வேறொரு இடத்தில் அவள் நிம்மதியாகத் தூங்குகிறாள். அதுவும் பட்டப்பகலில், தாராவியில், லாரி ஹாரனுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில். என்னால் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை.

பேராச்சி கேசரித் தட்டோடு கொண்டுவந்திருந்த குங்குமச் சிமிழை எடுத்தாள். வழக்கப்படி வேலை முடிந்த வண்டிக்குப் பொட்டு வைக்க வேண்டும். சுற்றும் முற்றும் பார்த்தாள். ஃபியூஸ் பெட்டியைப் பார்த்தாள், வேண்டாம் என்று விட்டாள். பேட்டரியைப் பார்த்தாள், அதையும் விட்டாள். பிறகு ஒரு விரலில் குங்குமத்தைத் தொட்டுப் புருஷன் நெற்றியில் அழுத்தி வைத்தாள்.

"எனக்கு என்னத்துக்குட்டி?"

"எல்லா வயரும் ஒங்ககிட்டதான வந்து முடியுது" என்று முணுமுணுத்தாள். "இங்கன வச்சா துருப்பிடிக்காது."

அவர் நெற்றியில் கையை வைக்கப் போய், தொடாமல் கையை இறக்கிக்கொண்டார்.

நாங்கள் சத்தம் காட்டாமல் இறங்கி வேன் கதவைச் சாத்தினோம். கணேசபாண்டியன் வாசலில் காவல் நின்றார். ஹாரன் அடித்த டெம்போக்காரனைக் கையைக் காட்டி அடக்கினார். ஜெயினுலாப்தீன் பாயிடம் போய்ச் சைகையிலேயே ஏதோ கெஞ்ச, அவரும் சிரித்துக்கொண்டே இரண்டு மெஷினை நிறுத்தினார். கேசரி ஆறிப்போயிருந்தது, அதை நாங்கள் மூன்று பேரும் நின்றபடியே தின்றோம். அவர் இவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் இருந்தது அந்தத் தெருவுக்கே அதிசயம். வருகிறவன் போகிறவனெல்லாம் நின்று என்ன விஷயம் என்று விசாரிக்க ஆரம்பித்தான். கூட்டம் சேர்ந்தது. கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. கணேசபாண்டியனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"ஏய்! உள்ள அம்மா தூங்குதாவ! எவனாவது சத்தம் போட்டீய, கொன்னுருவேன்!"

சயன் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.

வேன் கதவு திறந்தது. விஜயலக்ஷ்மி மாஸ்க்கை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு, தலைமுடி கலைந்து, கன்னத்தில் தலையணைக் கோட்டோடு நின்றாள். மெஷின் பின்னால் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. திணறல் இல்லை, பயம் இல்லை. கண்ணைச் சுருக்கி எங்கள் எல்லோரையும் முறைத்தாள்.

"யாரு கத்தறது? எவ்வளவு சுகமாத் தூங்கிண்டிருந்தேன், எழுப்பிட்டேளே!"

இத்தனை வருஷத்தில் நடுத் தூக்கத்தில் எழுந்து அவள் கோபப்பட்டு நான் கேட்டதே இல்லை. எழுந்தால் திணறத்தான் திணறுவாள். பக்கத்தில் கணேசபாண்டியன் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். நெற்றியில் குங்குமம் வேர்வையில் கரைந்து மூக்குக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவர் துடைக்கவில்லை.

"ஏன்னா, வித்துடச் சொன்னது ஞாபகம் இருக்கா?" என்றாள் என்னிடம்.

"இருக்கு."

"அத மறந்துடுங்கோ. நான் இன்னும் கொஞ்சம் தூங்கறேன்" என்று சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டாள்.